மதிலுக்குள் திறந்த கதவு

ஏறத்தாழ 1980ஆம் ஆண்டில் நடந்தது இது. எம்.ஐ.டி. எனப்படும் அமெரிக்க மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனம் லேசர் அச்சுப்பொறி ஒன்றை அன்பளிப்பாக அளித்தது. வேகமான பொறிதான், ஆனால் தாள் அடிக்கடி உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆய்வாளர்கள் தத்தம் அறையிலிருந்து அச்சிட ஆணை கொடுத்துவிட்டு, நெடுநேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பொறி வாளாவிருக்கும். முன்பிருந்த பழைய பொறியிலும் இதே தொல்லை இருந்தது. அங்குப் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் அதன் நிரலில் சில வரிகளைச் சேர்த்திருந்தார். தாள் சிக்கியதும், அச்சுக்காகக் காத்திருப்போர் திரையில் எல்லாம் செய்தி தோன்றும். யாரேனும் ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்வார். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய அவர் விரும்பினார். ஆனால் அதன் மூலநிரல் உடன் வரவில்லை. அதன் படி ஒன்றை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரை நேரில் கண்டு கேட்டார். யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

மூலநிரல் என்றால் என்ன என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். கணிப்பொறிக்கு இடும் ஆணைகளை மனிதர் படிக்கக்கூடிய மொழியில் எழுதி வைத்திருப்பது மூலநிரல். அதைப் பொறிக்குப் புரியும் எண்களாக மாற்றித்தான் நமக்கு விற்கிறார்கள். ஆறிப்போன குழம்பைச் சுவைத்து, அதில் எத்தனை மிளகாய் போட்டார்கள் என்று கண்டுபிடிப்பது எப்படியோ, அப்படித்தான் அந்த எண்களிலிருந்து மூலத்தைத் தேடுவதும்.

ஸ்டால்மன் 1983இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்திற்கு வித்திட்டதும், 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் உட்கருவை வெளியிட்டதும், 1998இல் 'திறந்த மூலம்' என்ற பெயர் பிறந்ததும் நீங்கள் அறிந்த வரலாறு. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அதன் பின்னால் வந்த ஒரு கிளைக்கதையை. திறந்த மூலத்தின் வேலைமுறையைப் பெரிய நிறுவனங்கள் தங்கள் மதிலுக்குள்ளேயே பயன்படுத்த முற்பட்டன. வெளியாருக்கு நிரல் காட்டப்படாது. ஆனால் நிறுவனத்தின் ஒரு பிரிவு எழுதியதை மற்றப் பிரிவினர் எவரும் படிக்கலாம், திருத்தித் தரலாம். இதற்கு 'இன்னர் சோர்ஸ்' என்று 2000ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் அமெரிக்க நூல் பதிப்பாளர் டிம் ஓ'ரைலி. நாம் 'உள்மூலம்' என்று வைத்துக்கொள்வோம். இம்முறை உண்மையிலேயே பயன் தருகிறதா, அல்லது பழைய மேசைக்குப் புதிய விரிப்புதானா என்பதே நம் கேள்வி.

ஒரே நிறுவனத்திற்குள் மதில் ஏது என்று நீங்கள் வியக்கலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பன்னாட்டு வணிக நிறுவனத்தில் முகவரியைச் சரிபார்க்கும் நிரலை அமெரிக்காவில் உள்ள ஒரு குழு எழுதி வைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள். அமெரிக்க அஞ்சல் குறியீட்டில் 5 இலக்கங்கள், நம்முடையதில் 6. சென்னைக் கிளையில் பணம் திருப்பித் தரும் பகுதியைக் கவனிக்கும் பெண் ஒருவர், 6 இலக்க எண்ணை அந்த நிரல் தள்ளிவிடுவதைக் காண்கிறார். திருத்த வேண்டியது இரண்டே வரி. ஆனால் அந்த வரிகள் அவருடையவை அல்ல. அவற்றைப் பார்க்கவும் அவருக்கு உரிமை இல்லை. வேண்டுகோள் எழுதி அனுப்புகிறார். அக்குழுவுக்கோ அவர்களுடைய மேலாளர் இட்ட வேலை மலைபோல் கிடக்கிறது. இவர் வேண்டுகோள் வரிசையில் நூற்றுக்குப் பிந்திய இடத்தில் போய் நிற்கிறது.

இனி அவருக்கு மூன்றே வழி. பொறுத்திருக்கலாம். தம் மேலாளரிடம் முறையிட்டு, அவர் தம் மேலாளரிடம் சொல்லி, அங்கிருந்து மறுபக்கம் கீழே இறங்கிவரச் செய்யலாம். இல்லையேல், தாமே புதிதாக ஒரு முகவரிச் சரிபார்ப்பு நிரல் எழுதிக்கொள்ளலாம். பலரும் மூன்றாவது வழியைத்தான் நாடுகிறார்கள். இப்படி ஒரே நிறுவனத்தில் ஒரே வேலைக்கு நாலைந்து நிரல்கள் முளைக்கின்றன. ஒன்றில் கண்ட பிழையைத் திருத்தினால் மற்றவற்றில் அது அப்படியே இருக்கும்.

1968ஆம் ஆண்டிலேயே மெல்வின் கான்வே என்பவர் இதன் வேரைச் சுட்டிக்காட்டினார். ஓர் அமைப்பு வடிவமைக்கும் பொருள், அவ்வமைப்பில் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்பதன் படிமமாகவே அமையும் என்பது அவர் கருத்து. பேசாத இரு துறைகளுக்கு நடுவில் நிரலிலும் ஒரு பிளவு இருக்கும்.

உள்மூலத்தார் இதற்குச் சொல்லும் மாற்று எளியது. அந்தப் பெண் முகவரி நிரலின் படியை எடுத்து, தாமே அந்த இரு வரிகளையும் திருத்தி, சோதனை செய்து, 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று உரிய குழுவுக்கு அனுப்பட்டும். அக்குழுவில் ஒருவர் படித்துப் பார்த்து, குறை இருந்தால் சொல்லி, நிறைவு ஏற்பட்டால் ஏற்றுக்கொள்ளட்டும். லினக்ஸில் அறிமுகமற்ற ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று கணக்கு வைக்க, டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய 'கிட்' என்ற கருவி இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் புழக்கத்தில் உள்ளது. ஆகவே கருவிக்குக் குறைவில்லை.

சரி, எல்லாரும் எல்லாவற்றையும் பார்ப்பது நல்லதுதானா? இங்கே ஒரு பழைய வழக்கை நினைவுகூர்வது பொருந்தும். உள்மூலம் பற்றி எழுதுவோர் இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். 1960களில் ஐ.பி.எம். நிறுவனம் 360 வரிசைக் கணிப்பொறிகளுக்காக ஓ.எஸ். 360 என்ற இயக்க முறையை உருவாக்கியது. அப்பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், ஒவ்வொரு நிரலாளரும் திட்டம் முழுவதையும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதினார். எனவே எல்லா ஆவணங்களையும் ஒரே கட்டாக்கி ஒவ்வொருவருக்கும் ஒரு படி கொடுத்தார். ஆறு மாதத்தில் அந்தக் கட்டு ஐந்தடி உயரம் வளர்ந்துவிட்டது! நாள்தோறும் மாறிய பக்கங்களைச் செருகுவதே ஒரு வேலையாயிற்று. பிறகு நுண்படத் தகட்டுக்கு மாறினார்கள்.

1970களின் தொடக்கத்தில் டேவிட் பார்னாஸ் இதற்கு நேர்மாறாகக் கூறினார். ஒரு பகுதியை எழுதுவோருக்கு மற்றப் பகுதிகளின் உட்கூறு தெரியாமலிருப்பதே மேல். பகுதிகள் ஒன்றையொன்று தொடும் வாயில்களை மட்டும் தெளிவாக வரையறுத்துவிட்டால் போதும் என்றார். புரூக்ஸ் தம் புகழ்பெற்ற 1975 நூலில் இதை ஏற்கவில்லை. ஆனால் அதே நூலின் 1995 பதிப்பில், பார்னாஸ் சொன்னதே சரி, தாம் தவறினேன் என்று ஒளிவின்றி எழுதினார். தம் நூலில் தாமே பிழை காட்டும் துணிவு எத்தனை பேருக்கு வரும்!

அப்படியானால் உள்மூலம் தொடக்கத்திலேயே தவறான பாதையா? அன்று என்று நினைக்கிறேன். பார்னாஸ் தடுத்தது, உள்ளே இருப்பதை நம்பி வெளியே ஒன்றைக் கட்டுவதை. படிக்க அனுமதிப்பது வேறு, படித்தே ஆகவேண்டும் என்பது வேறு. நம் சென்னைப் பெண்ணுக்கு முகவரி நிரல் முழுவதும் தெரிய வேண்டியதில்லை. பழுதான அன்று திறந்து பார்க்க வழியிருந்தால் போதும். ஆயினும் ஒன்று உறுதி. பகுதிகள் செம்மையாகப் பிரிக்கப்படாத நிரலைத் திறந்து வைத்தால், இரண்டு வரி திருத்த வந்தவர் இருநூறு இடங்களைத் தொட வேண்டியிருக்கும். கதவைத் திறக்குமுன் வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும். அந்தச் செலவை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

இனி, நடந்த ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் லூசென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பெல் ஆய்வகத்தில் நடந்த முயற்சியைத்தான் நான் எல்லாவற்றிலும் மதிக்கத்தக்கதாகக் கருதுகிறேன். விஜய் குர்பானி, அனிதா கார்வர்ட், ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப் ஆகியோர் 2006இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினர். இணையத்தின் வழியே தொலைபேசி அழைப்பை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறை 1999இல் வெளியாயிற்று. 2002இல் திருத்தி எழுதப்பட்டது. அது மாறிக்கொண்டே இருந்த அந்த நாட்களில் குர்பானி அதற்கான நிரலை ஆய்வகத்தில் எழுதினார். நிறுவனத்தின் பல பிரிவுகளும் அதைக் கேட்டு வாங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பொருள்; ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தேவை. வழக்கப்படி விட்டிருந்தால் ஒவ்வொரு பிரிவும் தன் படியை வைத்துத் தனித்தனியே மாற்றிக்கொண்டு பிரிந்து போயிருக்கும். அவ்வாறில்லாமல் மாற்றங்கள் யாவும் ஒரே பொது நிரலுக்குத் திரும்பி வரும்படி ஏற்பாடு செய்தார்கள்.

முதலில் இது நன்றாகவே நடந்தது. ஒரு பிரிவு கண்ட பிழை எல்லாருக்கும் தீர்ந்தது. ஒருவர் திறமை எல்லாருக்கும் பயன்பட்டது. ஆனால் எல்லா மாற்றங்களும் ஒரே மனிதரின் மேசையைக் கடந்தாக வேண்டும். வருகிறவை பெருகப் பெருக அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதற்கும் மேலாக, பிரிவுகளின் காலக்கெடுகள் ஒன்றோடொன்று மோதின. லினக்ஸில் 'அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம்' என்று டோர்வால்ட்ஸ் சொல்லிவிடலாம். வாடிக்கையாளரிடம் தேதி சொல்லிக் கையொப்பமிட்ட பிரிவிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

அவர்கள் கண்ட தீர்வு என்ன தெரியுமா? பொது நிரலைப் பேணுவதற்கென்றே ஒரு நடுக்குழுவை அமைத்தார்கள். வருவதைச் சரிபார்ப்பது, எந்தப் பிரிவுக்கு எது எப்போது வேண்டும் என்று பேசி இணைப்பது எல்லாம் அக்குழுவின் பொறுப்பு. அதாவது, திறந்த மூல முறை நிறுவனத்திற்குள் நிலைபெற, நிறுவனத்திற்கே உரிய ஒரு சாதனமாகிய 'அதற்கென ஆள் போடுவது' தேவைப்பட்டது. இதை அவர்கள் மறைக்காமல் எழுதியதுதான் அக்கட்டுரையின் சிறப்பு. எத்தகைய நிரலுக்கு இம்முறை பொருந்தும் என்றும் வரையறுத்தார்கள். பல பிரிவுகளுக்கும் தேவைப்பட வேண்டும். தொழில்நுட்பம் இன்னும் முற்றாமல் மாறிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிடமும் பிறரிடம் இல்லாத அறிவு இருக்க வேண்டும். நிரல் செம்மையாகப் பகுக்கப்பட்டிருக்க வேண்டும். கடைசி நிபந்தனையில் பார்னாஸ் மறுபடியும் எட்டிப்பார்ப்பதைக் கவனியுங்கள். இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால், ஒரு நிறுவனத்தில் உள்ள நிரல்களில் மிகச் சிலவே தேறும்.

பின்னர் வந்தவர்களுக்கு இந்த அடக்கம் இல்லை. பேபால் நிறுவனத்தில் இம்முறையைப் புகுத்திய டானீஸ் கூப்பர் முன்முயற்சியில் 2015இல் இதற்கென ஒரு கூட்டமைப்பே தோன்றியது. அவரும் கிளாஸ்-யான் ஸ்டோல் என்ற ஆய்வாளரும் 2018இல் வெளியிட்ட நூலில் பெல் ஆய்வகம், பாஷ், பேபால், எரிக்சன் முதலிய நிறுவனங்களின் அனுபவங்கள் உள்ளன. படிக்க வேண்டிய நூல்தான். எனினும் அவ்வனுபவங்கள் பெரும்பாலும் அம்முயற்சிகளில் பங்கேற்றோர் பார்வையில் சொல்லப்பட்டவை. முயன்று கைவிட்ட நிறுவனங்களின் கதையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? மருந்தை உட்கொண்டு பிழைத்தவரை மட்டும் கேட்டு மருந்தை மதிப்பிடுவது அறிவியல் ஆகாது.

கூகிள் நிறுவனத்தையும் இவர்கள் சான்றாகக் காட்டுவதுண்டு. 2015 ஜனவரி நிலவரப்படி அங்கே ஒரே களஞ்சியத்தில் ஏறத்தாழ 200 கோடி வரி நிரல் இருந்தது என்றும், 25,000 நிரலாளர்கள் அதைப் பயன்படுத்தினர் என்றும் அந்நிறுவனத்தாரே 2016இல் எழுதினார்கள். மலைக்க வைக்கும் எண்கள்! ஆனால் உற்று நோக்கினால், பெரும்பாலானவற்றை எல்லாரும் படிக்கலாமே ஒழிய, ஒவ்வோர் அடைவுக்கும் உரிமையாளர் பட்டியல் உண்டு. அவர்கள் இசைவின்றி ஒரு வரியும் மாறாது. வணிக உயிர்நாடியான சில பகுதிகளுக்குக் காவல் இன்னும் கடுமை. ஆக, படிக்கும் கதவு அகலம். எழுதும் கதவு குறுகல். அது தவறென்று நான் சொல்லவில்லை. வேறெப்படி நடத்த முடியும்? கதவருகே நிற்கும் ஆள்தான் இங்கும் முக்கியம் என்றே சொல்ல வருகிறேன்.

அந்த ஆளை நினைத்துப் பாருங்கள். பேபாலில் அவருக்கு 'நம்பிக்கைக்குரியவர்' என்று பொருள்படும் பட்டம் தந்தார்கள். பிறர் எழுதியதைப் படிப்பது, தாமே எழுதுவதைவிட எளிதன்று. நம் சென்னைப் பெண் அனுப்பிய இரண்டு வரியில், 6 இலக்கத்தை ஏற்கும்போது 5 இலக்க எண்ணும் தொடர்ந்து செல்லுமா, எழுத்தும் எண்ணும் கலந்த கனடா நாட்டுக் குறியீடு என்னாகும் என்றெல்லாம் அவர் எண்ண வேண்டும். தவறியிருந்தால் மனம் நோகாமல் விளக்கம் எழுத வேண்டும். நாளைக்கு அந்த வரி பழுதானால் நள்ளிரவில் எழுப்பப்படுவது அந்தப் பெண் அல்லர், இவரே. ஆண்டு முடிவில் மேலாளர் இவரிடம் என்ன கேட்பார்? 'நீ என்ன எழுதினாய்?' என்றுதான். பிறர் எழுதியதைச் செம்மையாக்கிய நாட்கள் எந்தக் கணக்கிலும் ஏறாது. எனவே அவர் நல்லவராக இருந்தாலும், வந்த திருத்தம் அவர் மேசையில் கிடந்து உறங்கும். பழைய வேண்டுகோள் வரிசை போய்ப் புதிய திருத்த வரிசை வந்திருக்கும், அவ்வளவே மாற்றம்.

வெளியுலகத் திறந்த மூலத்திலும் இந்நோய் உண்டு. பல கண்கள் பார்த்தால் பிழை ஒளியாது என்று 1990களின் இறுதியில் எரிக் ரேமண்ட் முழங்கினார். ஆனால் இணையத்தில் மறையீட்டுக்குப் பெரிதும் பயன்பட்ட ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலில் 2012இல் நுழைந்த 'ஹார்ட்பிளீட்' என்ற பிழை 2014 ஏப்ரல் வரை வெளிப்படவில்லை. உலகமே பயன்படுத்தியது, உட்கார்ந்து படித்தவர் சிலரே. அதன் பின்புதான் பெரிய நிறுவனங்கள் அதைப் பேணுவோருக்குப் பணம் ஒதுக்கின.

மற்றொரு வேறுபாடும் உண்டு. என் கருத்தில் இதுவே அடிப்படையானது. திறந்த மூலத்தில் வாயில் காப்பவர் முறைதவறினால், மற்றவர்கள் நிரலை எடுத்துக்கொண்டு தனியே போய்விடலாம். ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கு ஓப்பன் ஆபீஸ் வந்தபோது, அதன் பங்களிப்பாளர் பலர் 2010இல் பிரிந்து லிப்ரே ஆபீஸை உருவாக்கினார்கள் அல்லவா? இப்படிப் பிரிய முடியும் என்ற அச்சமே வாயில் காப்பவரை நேர்மையாக வைத்திருக்கிறது. நிறுவனத்திற்குள் அந்த உரிமை இல்லை. பிரிந்து போனால் அது இன்னொரு படி. எதை ஒழிக்க இம்முறை வந்ததோ அதுவே. ஆகவே சண்டை மூண்டால் தீர்ப்புக்கு மறுபடியும் மேலாளரிடம்தான் போக வேண்டும்.

பெயரும் அப்படியே. திறந்த மூலத்தில் நீங்கள் சேர்த்த வரி உங்கள் பெயரோடு பொதுவில் நிற்கும். வேலை மாறும்போது அதைக் காட்டலாம். லினக்ஸுக்கு எழுதுவோரில் மிகப் பலர் இன்று ஏதேனும் ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்குவோர்தாம். அவர்கள் துறவிகள் அல்லர். ஆனால் சம்பளத்தோடு பெயரும் அவர்களுக்குக் கிடைக்கிறது. உள்மூலத்தில் பத்தாண்டு உழைத்தவர் வெளியேறும் நாளில் ஒரு வரியைக்கூடக் கையில் எடுத்துச் செல்ல முடியாது. 'தன்னார்வம்' என்ற சொல்லை நிறுவனங்கள் இங்கே பயன்படுத்தும்போது எனக்கு நெருடுகிறது. அலுவலக வேலை முடிந்த பின் செய்யும் கூடுதல் வேலைக்கு அது நாகரிகப் பெயராகிவிடக் கூடாது.

வரி பற்றியும் ஒரு சொல். பன்னாட்டு நிறுவனங்களின் இந்தியக் கிளைகளில் மிகப் பல, சட்டப்படி தனிக் கம்பெனிகள். சென்னைக் கம்பெனியின் ஊழியர் அமெரிக்கக் கம்பெனியின் நிரலைத் திருத்தினால், அது ஒரு நிறுவனம் மற்றொன்றுக்குச் செய்த சேவை. அதற்கு அயலாரிடம் வாங்கும் விலை வைக்க வேண்டும் என்பது வரித்துறையின் வாதம். நம் நாட்டில் 2001இலேயே இதற்கு விதிகள் வந்துவிட்டன. திட்டமிட்டு ஒப்பந்தம் எழுதிய வேலைக்கு இது எளிது; நினைத்தபோது அங்கும் இங்கும் பறக்கும் இரண்டு வரித் திருத்தங்களுக்கு யார் விலை போடுவது? கணக்காளர்கள் தலையைச் சொறிவது நியாயமே.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், இம்முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காத்திருந்து சலித்த ஒருவருக்குத் தாமே திருத்தும் வாய்ப்புக் கிடைப்பது சிறிய செய்தி அன்று. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர், வேறொரு நாட்டில் இருக்கும் முப்பதாண்டு அனுபவசாலியின் நிரலைப் படித்து, அவரிடமே திருத்தம் வாங்கிக் கற்பது எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காதது. பெல் ஆய்வகம் காட்டியபடி, பொதுவாகத் தேவைப்படும் சில நிரல்களுக்கு மட்டும், காவலுக்கு ஆளும் நேரமும் ஒதுக்கிச் செய்தால் பயன் உண்டு. எல்லாக் களஞ்சியங்களையும் ஒரே நாளில் திறந்துவிட்டு, இனி எல்லாரும் ஒத்துழையுங்கள் என்று சுற்றறிக்கை விடுவதைத்தான் நான் நம்பவில்லை.

உங்களில் சிலர் விரைவில் இத்தகைய நிறுவனங்களுக்கு நேர்காணலுக்குப் போவீர்கள். அங்கே உள்மூலம் பற்றிப் பெருமையாகப் பேசினால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: பிற குழுக்கள் அனுப்பும் திருத்தங்களைப் படிப்பவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறீர்கள், ஆண்டு மதிப்பீட்டில் அது எந்தத் தலைப்பில் வருகிறது? எதிரே இருப்பவர் எண்ணைச் சொல்கிறாரா, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.